ஏழாம் வால்வைத் திற

பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. குடிநீர் வாரியத்தில் மேலதிகாரி முதல் வாயிற்காவலர் வரை எல்லோருக்கும் அவர் முத்திரை. "முத்திரை வந்தாச்சா?" "முத்திரையைக் கூப்பிடு, ஸ்கிரீன்ல ஏதோ சிவப்பா எரியுது." வீட்டில் மனைவிகூடக் கோபம் வந்தால், "உங்க முத்திரைகிட்டயே போய்ச் சாப்பாடு கேளுங்க" என்பாள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். இருபத்திரண்டு வருஷம் ஒரே நாற்காலியைத் தேய்த்ததற்கு ஒரு பட்டப்பெயராவது மிஞ்சியதே.

வாரியத்தின் கட்டுப்பாட்டு அறை நகரத்தின் நடுவே, மூன்றாவது மாடியில். நீரேற்று நிலையம் ஊருக்கு வெளியே, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. இங்கே உட்கார்ந்து ஒருவர் "நாலாம் வால்வை மூடு" என்று தட்டினால் செய்தி வயர்லெஸில் போகும், அங்கே உள்ள இயந்திரம் வால்வை மூடிவிடும். வசதிதான். ஆனால் காற்றில் போகிற செய்தியை யாரும் கேட்கலாம், யாரும் அனுப்பலாம். ஒரு தடவை எவனோ வேலை வெட்டி இல்லாதவன் எல்லா வால்வையும் மூடச் சொல்லி அனுப்பி, பாதி நகரம் குளிக்காமல் வேலைக்குப் போனது. மேற்பார்வைப் பொறியாளர், பின்னால் முத்திரை என்று பெயர் வாங்கிய புரோகிராமரைக் கூப்பிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்து அப்போது எட்டு மாதம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது பண்ணுப்பா. எனக்கு மேலேருந்து போன் மேல போன்."

அவர் பண்ணியது இதுதான். கட்டுப்பாட்டு அறைக்கும் நீரேற்று நிலையத்துக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல். அதற்குச் சாவி என்று பெயர். சாவியை முன்னால் வைத்து, அனுப்ப வேண்டிய செய்தியை அதன் பின்னால் ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஹாஷ் என்கிற கணக்குக்குள் போட வேண்டும். ஹாஷ் ஒரு அரவை இயந்திரம் மாதிரி. எவ்வளவு போட்டாலும் துண்டு துண்டாக வாங்கி அரைத்து, கடைசியில் அறுபத்து நான்கு எழுத்துள்ள ஒரே ஒரு வரியைத் துப்பும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி அடியோடு மாறிவிடும். வரியை வைத்துக்கொண்டு உள்ளே போனது என்னவென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வரிதான் முத்திரை. செய்தியோடு அதுவும் போகும். நீரேற்று நிலையத்து இயந்திரம் தன்னிடமுள்ள சாவியை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். பொருந்தினால் கீழ்ப்படியும். பொருந்தாவிட்டால் தூக்கி எறியும்.

ஹாஷைச் செய்தவர்கள் பெரிய பெரிய தலைகள். அதை அதுவரை யாரும் உடைத்ததில்லை. தன் முத்திரை அதன் தோளில் உட்கார்ந்திருக்கிறது, அது விழாத வரை இதுவும் விழாது என்று அவர் நம்பினார். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதி முடித்துவிட்டார். மொத்தம் பதினோரு வரி. பன்னிரண்டாவதாக ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் வேலை இருந்திருக்காது.

இன்னொன்றும் செய்தார். நீரேற்று நிலையத்துக்கு வந்து சேரும் செய்திகளை மட்டும் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து போகிற செய்திக்குப் பதிவு கிடையாது. போனதும் வந்ததும் ஒன்றுதான் என்று முத்திரையே சொல்லும்போது ஒரே சங்கதியை இரண்டு இடத்தில் எதற்கு எழுதி வைப்பது? பொறியாளர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "மூளைக்காரன்யா நீ" என்றார்.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து மனைவியின் தம்பி அதே வாரியத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தான். சிபாரிசு இவருடையதுதான். அங்கே அவனுக்கு ஒரே வாரத்தில் நிதானம் என்று பெயர் விழுந்தது. மற்ற ஆபரேட்டர்கள் தட்டின கையோடு அனுப்பிவிடுவார்கள். இவன் தட்டுவான், கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான், ஸ்கிரீனில் உள்ளதை வாய்விட்டு இரண்டு தடவை படிப்பான், அப்புறம்தான் அனுப்பும் பொத்தானை அழுத்துவான். "மந்திரம் ஓதி முடிச்சாச்சா?" என்று பக்கத்து மேசைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். பதினேழு வருஷத்தில் அவன் ஒரு வால்வை மாற்றித் தட்டியதில்லை. அவன் மனைவி உடம்பு சரியில்லாமல் போய்ச் சேர்ந்த பிறகும், எட்டு வயது மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நேரத்துக்கு வந்து உட்காருவான், இரண்டு தடவை படிப்பான்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நீரேற்று நிலையத்தில் இரண்டாவது தொட்டியை வற்றவிட்டு, தொட்டி கழுவுகிறவர் ஏணி வைத்து உள்ளே இறங்கியிருந்தார். நாலாம் வால்வையும் மூடிவிடுங்கள் என்று அங்கிருந்து போன் வந்தது. நிதானம் தட்டினான், படித்தான், அனுப்பினான். நேரம் பத்து நாற்பது. பத்து நாற்பத்தொன்றுக்கு நாலாம் வால்வு மூடியது. அதே நிமிஷத்தில் ஏழாம் வால்வு திறந்தது. ஏழாம் வால்வு இரண்டாவது தொட்டிக்கு நீர் விடுகிற வால்வு. தொட்டி கழுவுகிறவர் ஏணியைப் பிடிக்கும் முன்பே தண்ணீர் அவரைப் பிடித்துவிட்டது. அவருக்கு இரண்டு பெண்கள். ஒருத்திக்கு அடுத்த மாதம் பரீட்சை.

பதிவில் இப்படி இருந்தது: "நாலாம் வால்வை மூடு", அதன் பின்னால் வாயில் நுழையாத குப்பை எழுத்துகள் ஒரு வரிக்கு, அப்புறம் "ஏழாம் வால்வைத் திற". முத்திரை பொருந்தியது. நாலை மட்டும்தான் தட்டினேன் என்று நிதானம் சொன்னான். போலீஸ்காரரிடம் சொன்னான், பொறியாளரிடம் சொன்னான், பிணவறை வாசலில் தொட்டி கழுவுகிறவரின் மனைவி காலடியில் உட்கார்ந்தும் சொன்னான். அந்த அம்மாள் அவன் முகத்தில் துப்பினாள். அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் விசாரணைக் குழு உட்கார்ந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். நல்ல மனிதர்தான், கேள்வியை நேராகக் கேட்பவர். முதல் சாட்சியாக முத்திரையைக் கூப்பிட்டார்கள்.

"சாவி தெரியாத ஒருத்தர் இந்த முத்திரையைப் போட முடியுமா?"

"முடியாதுங்க."

"உறுதியா?"

"உறுதியாங்க. அடியில இருக்கிற ஹாஷை இன்னிக்கு வரைக்கும் உலகத்துல யாரும் உடைச்சதில்ல."

"நடுவுல ஏதோ கிறுக்கல் மாதிரி இருக்கே, அது என்ன?"

"காத்துல வர்ற இரைச்சலா இருக்கும்ங்க. அப்பப்போ வரும்."

இதைச் சொன்னபோது அவர் மச்சானைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்கவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறோம் என்றுதான் நினைத்தார். தன் வேலையைப் பற்றிப் பேசுகிற குரலில் கொஞ்சம் மிடுக்குகூட இருந்தது. பின்னால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது அந்த மிடுக்குதான். மூலையில் உட்கார்ந்து குழுவின் தட்டச்சு அம்மா அத்தனையையும் தட்டிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே நிதானத்தைக் கைது செய்தார்கள்.

மனைவி அவரைத் திட்டவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னார். தம்பியின் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமல், "அவன் பொய் சொல்றவன் இல்லைங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு என்பது உப்பு எடுங்க, கதவைச் சாத்துங்க என்ற அளவோடு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பதிவின் நகலை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு சும்மா வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று இரைச்சல். சரி, இரைச்சல் வந்தால் என்ன ஆகும்? வழியில் ஒரு எழுத்து கெட்டாலும் முத்திரை பொருந்தாமல் போக வேண்டும். இங்கே ஒரு வரி முழுக்கக் கெட்டிருக்கிறது. முத்திரை பொருந்தியிருக்கிறது. அப்படியென்றால் அந்தக் குப்பை வழியில் சேர்ந்ததில்லை. முத்திரை போடும்போதே உள்ளே இருந்திருக்கிறது. ஆபரேட்டர் மேசையில் உள்ள கீபோர்டில் அந்த எழுத்துகளைத் தட்டவே முடியாது.

புத்தகங்களை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. வாங்கி வைத்து ஆறு வருஷம் பிரிக்காத புத்தகத்தில், இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில், ஒரே பத்தியில் இருந்தது.

ஹாஷ் துண்டு துண்டாகத்தான் அரைக்கும். முதல் துண்டை அரைத்து வந்ததை இரண்டாவது துண்டோடு சேர்த்து அரைக்கும், அதை மூன்றாவதோடு. கடைசியில் வெளியே துப்புகிற வரி வேறொன்றும் இல்லை. அதுவரை அரைத்து நின்ற நிலை. எனவே முத்திரை கையில் கிடைத்தவர் அரவையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முன்னால் போட்ட சாவி என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. செய்தியின் முதுகில் இன்னொரு வரியை ஏற்றி, அதையும் அரைத்து, புது முத்திரையை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் பொருந்தும். நடுவில் வந்த குப்பை, கடைசித் துண்டு நிறைவதற்காக ஹாஷ் தானே போட்டுக்கொள்ளும் நிரப்பல். அதன் நுனியில் ஒரு எண் இருந்தது. சாவியும் "நாலாம் வால்வை மூடு" என்பதும் சேர்ந்தால் எவ்வளவு நீளமோ அதே எண். நிதானம் தட்டியது எங்கே முடிந்தது என்பதற்கு அந்தக் குப்பையே சாட்சி.

யாரோ நடுவில் உட்கார்ந்து, அசல் செய்தி அங்கே சேராமல் அமுக்கி, வரியைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். ஹாஷை யாரும் உடைக்கவில்லை. ஹாஷ் சொன்ன வேலையைச் செய்தது. அதன்மேல் இவர் சாய்ந்துகொண்ட விதம்தான் தப்பு. அரைத்து வந்ததைச் சாவியோடு சேர்த்து இன்னொரு முறை அரைத்திருந்தால் தொடர்வதற்கு நுனியே கிடைத்திருக்காது. பன்னிரண்டாவது வரி அதுதான். எழுதி முடித்த அந்த வியாழக்கிழமை சாப்பாட்டுக்குப் போகாமல் இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் எழுதியிருக்கலாம். அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். தொட்டி கழுவுகிறவருக்காகவும் அழுதார், தனக்காகவும் அழுதார். எது அதிகம் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் குழுவின் முன் போய் நின்றார். தலைவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "புரியலையே" என்றார்.

"தலை பின்னுற மாதிரிங்க. உச்சியில முதல் முடிச்சை எப்படிப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா நுனி என் கையில கிடைச்சுட்டா மேற்கொண்டு நான் பின்னிக்கிட்டே போகலாம். பாக்கிறவங்களுக்கு ஒரே பின்னலாத்தான் தெரியும்."

தலைவருக்குத் தலையில் பின்னுவதற்கு ஒன்றும் இல்லை. பொறியாளருக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். மூலையில் தட்டச்சு அம்மாவின் கை மட்டும் ஒரு நொடி நின்றது. தோளில் கிடந்த தன் சடை நுனியைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து இவரைப் பார்த்தார். மறுபடி தட்டத் தொடங்கினார். அந்த அறையில் விஷயம் விளங்கிய ஒரே ஆள் அவர்தான். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"போன வியாழக்கிழமை, யாராலும் முடியாதுன்னு சொன்னீங்க" என்றார் தலைவர். "உறுதியான்னு கேட்டேன். உறுதின்னீங்க. அந்தக் கிறுக்கலை இரைச்சல்னு சொன்னீங்க. நடுவுல உங்க மச்சானைக் கைது பண்ணிட்டாங்க. இன்னிக்கு முடியும்ங்கிறீங்க. நான் எதை எடுத்துக்கிறது?"

"இதைங்க. இன்னிக்குச் சொல்றதைத்தான். வேணும்னா செஞ்சே காட்றேன். நீங்களே ஒரு சாவியைப் போடுங்க. என்கிட்ட சொல்ல வேணாம். நான் வெளியில நிக்கிறேன்."

தலைவர் ஒப்புக்கொண்டார். அந்த வரைக்கும் நியாயஸ்தர். முத்திரை தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றார். உள்ளே தலைவர் தன் மனதுக்குள் ஒரு சொல்லை நினைத்து, சோதனைக்கு வைத்திருந்த பெட்டியில் தானே தட்டி, "விளக்கை அணை" என்று ஒரு செய்திக்கு முத்திரையைத் தாளில் வாங்கினார். முத்திரை உள்ளே வந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டார். சாவியின் நீளம் தெரியாததால் ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பார்த்தார். ஒன்பதாவது முயற்சியில், "விளக்கை அணை" என்பதன் பின்னால் "கதவைத் திற" என்று சேர்ந்த செய்தியை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. இருபத்தொரு வருஷமாகத் தன் முத்திரை தோற்காது என்று இருந்த மனிதர், அது தோற்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இனி மச்சான் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தார்.

பொறியாளர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, சாவியைப் போடுற இந்தப் பெட்டியே இவர் எழுதின புரோகிராம்தான். நீங்க தட்டினது இவருக்குத் தெரியாதுன்னு எப்படி எடுத்துக்கிறது? பின்கதவு ஒண்ணு வச்சிருந்தா நமக்கு என்ன தெரியும்?"

"வேற யார் எழுதின ஹாஷ் வேணும்னாலும் கொண்டுவாங்க. அதுலயும் செஞ்சு காட்றேன். புத்தகத்துலயே போட்டிருக்கு" என்றார் முத்திரை.

"செய்வீங்க. உங்களுக்குத் தெரியும். அதைத்தான் நானும் சொல்றேன். நம்ம வாரியத்துல அந்தப் புத்தகத்தை வேற யாரு பிரிச்சிருக்கா?"

முத்திரை தலைவர் பக்கம் திரும்பினார். "அப்ப நான்தான் செஞ்சேன்னு எழுதிக்கங்க. அவனை விட்டுடுங்க" என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் குரலில் இரக்கம் இருந்தது, அதுதான் கொடுமை. "அக்கா தம்பி குடும்பம். உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா மனசை நான் சாட்சியமா எடுத்துக்க முடியாது. வீட்டுக்குப் போங்க."

அறிக்கை முப்பத்தெட்டுப் பக்கம் வந்தது. ஆபரேட்டரின் கவனக்குறைவு ஐயமின்றி நிறுவப்பட்டது என்றிருந்தது. முத்திரை முறை நம்பகமானது, அதை உருவாக்கியவரின் முதல்நாள் சாட்சியமே அதற்குச் சான்று என்றும் இருந்தது. இரண்டாவது சாட்சியம் பின்னிணைப்பில், உறவுக்காரர் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னது என்ற குறிப்போடு கிடந்தது. ஒரு எழுத்து விடாமல் தட்டியிருந்தார் தட்டச்சு அம்மா, பின்னல் உட்பட. நடுவில் உட்கார்ந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. கையில் ஒரு ஆள் இருக்கும்போது இன்னொருவனை யார் தேடப்போகிறார்கள்?

பன்னிரண்டாவது வரியைச் சேர்க்கவாவது அனுமதி கொடுங்கள் என்று பொறியாளரிடம் எழுதிக் கேட்டார். "என்னய்யா நீ, வழக்கு நடக்கும்போது மாத்தினா ஓட்டை இருந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?" என்றார் பொறியாளர். நிதானத்தின் நாற்காலி காலியாக இருந்ததால் ஆள் வரும்வரை இவரையே அதில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். ஒவ்வொரு செய்தியையும் அனுப்பிவிட்டு உடனே நீரேற்று நிலையத்துக்குப் போன் போடுவார். "இப்ப என்ன வந்துச்சு? கடைசி வரைக்கும் படிங்க." முதல் வாரம் படித்தார்கள். அப்புறம் போனை எடுத்ததும், "வந்துச்சு சார், எல்லாம் சரியா வந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கிண்டலாக அவருக்கும் நிதானம் என்றே பெயர் வைத்தார்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்கு முந்தைய வாரம் சிறைக்குப் பார்க்கப் போனார்கள். ஒரு தடவைக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். "நீங்க போங்க. நீங்கதான் அவனுக்கு எடுத்துச் சொல்லணும்" என்று மனைவி வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பல நாளைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய நீளமான வாக்கியம் அது.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நிதானம் இளைத்துப் போயிருந்தான். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டான். சொன்னார். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினார்: அரவை, நுனி, நடுவில் இருந்த குப்பை, அதன் கடைசியில் இருந்த எண். இவ்வளவு தெளிவாக அவர் குழுவிடம்கூடச் சொன்னதில்லை. அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

"மாமா, வக்கீல் ஒண்ணு சொன்னாரு. கை தவறித் தட்டிட்டேன்னு ஒத்துக்கிட்டா தண்டனை குறையுமாம். ஒத்துக்கலாம்னு இருக்கேன்."

"நீதான் தட்டலையே."

அவன் மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உள்ள உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன் மாமா. அன்னிக்கு ரெண்டு தடவை படிச்சேனான்னு இப்ப எனக்கே ஞாபகம் இல்ல. பதினேழு வருஷமா ரெண்டு தடவை படிச்சிருக்கேன். அன்னிக்கு ஒரு தடவையோட விட்டுட்டேனோ என்னவோ. ஏழுன்னு தட்டியிருப்பேன் போலிருக்கு. முத்திரை பொருந்துச்சே."

"அதைத்தான்டா இவ்வளவு நேரமா சொல்றேன். முத்திரை பொருந்தினா போதாது. யாரு வேணா..."

"மாமா." அவன் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தான். "எனக்காக எவ்வளவு தூரம் போயிருக்கீங்கன்னு வக்கீல் சொன்னாரு. உங்க முத்திரையையே உடைச்சுட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களாமே. பழியை உங்க தலையில போட்டுக்கிறேன்னுகூடச் சொன்னீங்களாம். அக்காவுக்காகத்தான்னு எனக்குத் தெரியும். அந்த மனுஷன் செத்தது என்னாலதான். நீங்க இனிமே பொய் சொல்ல வேணாம்."

நேரம் முடிந்தது என்று காவலர் வந்து நின்றார். அவன் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான். சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் முத்திரை ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

வெளியே மனைவி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"சொன்னீங்களா, அவன் செய்யலைன்னு?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ரொம்ப நன்றி மாமான்னான்" என்றார். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.